வயிற்றெரிச்சலுக்கு மருந்து

பி.காம். பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்துக் காப்பியடித்தவன், போன மாதம் புதுக் கார் வாங்கிவிட்டான். சாவியோடு நிற்கிற போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 'வாழ்த்துக்கள்' என்று அடித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்து வருஷமாக எழுதி நான் வாங்கியது ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டர்!

பைபிளைப் புரட்டினேன். சங்கீதம் 73. ஆசாப் பாடியது. தாவீது ராஜா காலத்தில் உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் கைத்தாளம் கொட்டியவர். அவருக்கே பொறாமை! கெட்டவன் கொழுக்கிறான், ஒழுங்காக இருந்து நான் என்னத்தைக் கண்டேன் என்கிற ரீதியில் புலம்பித் தீர்க்கிறார்.

17-வது வசனத்தில் திருப்பம். தேவ சந்நிதிக்குள் போகிறார். வெளியே ஒன்றும் மாறவில்லை. அவர் பார்வை மாறுகிறது. கடைசியில், 28-வது வசனத்தில், தேவனுக்குப் பக்கத்தில் இருந்தாலே போதும் என்று கணக்கை முடிக்கிறார்.

காமர்ஸ்காரனுக்குச் சுருக்கென்றது. அடுத்தவன் லெட்ஜரை வைத்து என் கணக்கைப் பார்த்தால் எந்த ஜென்மத்தில் டேலியாகும்?

ஆனால் ஒரு சிக்கல். ஆசாப் பொறாமைப்பட்டது கெட்டவர்களைப் பார்த்து. என் சிநேகிதன் நல்லவன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விடிய விடிய என்கூட உட்கார்ந்திருந்தவன். முழங்காலில் நின்று ஜெபம் பண்ணும்போதுதான் அது ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன்.

காலையில் போன் செய்தேன். "கார் எப்படிடா ஓடுது?"

"ஞாயித்துக்கிழமை ரெடியா இரு. உன்னைச் சர்ச்சுல கொண்டுபோய் விடறேன்."

போனேன். எரிச்சல் அடியோடு போச்சா என்கிறீர்களா? அவன் ஏ.சி.யைப் போட்டபோது லேசாக எட்டிப் பார்த்தது சார். மறுபடி 73-ஐத் திறக்க வேண்டியதுதான்!