புல்லட்டை உதைக்கும் கணக்கு

1950களின் நடுவிலிருந்து சென்னை திருவொற்றியூரில் உருவான பழைய 350 சிசி புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். புதியவர் பதறினால் பிரேக் என்று கியரை மிதிப்பார்!

உதைப்பதற்கும் கணக்கு உண்டு. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து இன்னும் சற்று அழுத்தி, லிவரை விடுங்கள். கிக்கர் மேலே வந்ததும் முழு பலத்தோடு ஒரே உதை. அரைமனதாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்புக்காலோடு வேண்டவே வேண்டாம்.

பழைய புல்லட் வாங்கப்போகிறீர்களா? 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.