பள்ளி வாத்தியக் குழுவும் மாணவர் கடமையும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் கரிசல் நிலத்துச் சாலையில் ஆகஸ்டு மாதத்து முற்பகற் பொழுதிற் செல்வோர், வழியிலுள்ள பள்ளிகளின் விளையாட்டு வெளிகளினின்று முரசொலியும் ஊதுகொம்பின் ஒலியும் எழுவதைக் கேட்பர். அது விடுதலை நாளுக்கென மாணவர் செய்யும் பயிற்சி. விருதுநகரிற் பிறந்த காமராசரின் பிறந்த நாளாகிய ஜூலை 15, விடுதலை நாள், குடியரசு நாள், ஆண்டு விளையாட்டு விழா ஆகிய நாட்களில் அணிவகுப்பின் முன்னே செல்லும் பெருமை பள்ளியின் பாண்டு வாத்தியக் குழுவுக்கே உரியது. காண்போர் சீருடையின் பொலிவையும் பித்தளைக் கருவிகளின் ஒளியையும் கண்டு மகிழ்ந்து அகல்வர். அவ்வரிசையுள் நிற்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் எத்தகைய கடமைகளைத் தாங்கி நிற்கின்றனர் என்பதை எண்ணுவோர் சிலரே. அக்கடமைகள் யாவை, அவை எதன்பொருட்டு வேண்டப்படுகின்றன என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாண்டு என்னும் பெயர் ஐரோப்பியர் வழியாக வந்தது. ஆயினும், பல கருவிகள் ஒன்றனை ஒன்று தழுவி ஒருங்கே ஒலித்தல் என்னும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றோர் இதனை நன்கறிவர். மாதவி அரங்கேறிய காலத்து, குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்ற, ஆமந்திரிகை அவற்றோடு கூடி ஒலித்ததாக இளங்கோவடிகள் முறைப்படுத்திக் காட்டுகின்றார். தண்ணுமை ஆசிரியனது இலக்கணம் கூறுமிடத்தும், ஏனைக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அவன் வல்லனாதல் வேண்டும் என்பது பெறப்படுகின்றது. தன் திறத்தைக் காட்டுதல் அவனுக்கு முதன்மையன்று. பிறர் இசை குன்றாது காத்தலே முதன்மை. இன்று ஒரு பள்ளியின் பாண்டு ஆசிரியர் தம் மாணவரிடம் எதிர்பார்ப்பதும் இதுவேயன்றோ?

மேனாட்டு முறையிலமைந்த வாத்தியக் குழு ஐரோப்பியப் படைகளோடு இந்நாட்டிற் புகுந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையிலிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் மேனாட்டுக் கருவிகளையுடைய குழுவொன்றைத் தம் அரண்மனையிற் பேணினார். முத்துசாமி தீட்சிதர் (1775-1835) மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து இயற்றிய நோட்டுசுரப் பாடல்கள் இன்றும் இளஞ்சிறார்க்குக் கற்பிக்கப்படுகின்றன. கிளாரினெட்டு நம்மவர் கையிற் கருநாடக இசைக் கருவியாகவே ஆகிவிட்டது. வட இந்தியாவில் மீரட்டு நகரம் பாண்டுக் கருவிகள் செய்வதிற் பெயர் பெற்றது. பள்ளி வாத்தியக் குழுக்களுக்கென நடுவண் அரசின் கல்வி அமைச்சும் பாதுகாப்பு அமைச்சும் இணைந்து குடியரசு நாளையொட்டித் தேசியப் போட்டி நடத்துகின்றன. மாணவரும் மாணவியரும் அதில் தனித்தனிப் பிரிவுகளாகப் பங்குகொள்கின்றனர். ஆகவே, பாண்டு வாத்தியத்தை வேற்று நாட்டுப் பொருளென ஒதுக்குதல் இனிப் பொருந்தாது.

இனிக் கடமைகளைக் காண்போம். முதலாவது, கேட்டலும் காண்டலும். அணிவகுப்பில் இடக்கால் நிலத்திற் படும்பொழுது பெருமுரசு அறையப்படும். நிமிடத்திற்கு ஏறக்குறைய 120 அடிகள் வைத்து நடப்பின், ஓர் அடிக்கு அரை விநாடியே ஆகும். ஒலியோ காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. முரசிற்கு 34 மீட்டர் பின்னே வருபவன் அவ்வொலியைப் பத்தில் ஒரு பங்கு விநாடி கழித்தே கேட்பான். 100 மீட்டர் பின்னே வருபவனுக்கோ அரை அடிக்கு மேலாகவே காலம் பிந்திவிடும். நீண்ட அணிவகுப்பில் முன்னோர் கால்களும் பின்னோர் கால்களும் அலைபோல் மாறித் தோன்றுவதன் காரணம் இதுவே, மாணவரின் சோம்பலன்று. ஆதலால், செவியை மட்டும் நம்பாது, தலைவன் ஏந்திய கோலையும் முன்நிற்போனது தோளையும் கண்ணால் நோக்கி நடத்தல் வேண்டும். பெருமுரசு அறைபவனோ கூட்டத்தையும் நோக்கலாகாது. தன்னைத் தானும் வியந்துகொள்ளலாகாது.

இதனை யான் நூலாற் கற்றேனல்லேன், பிழையாற் கற்றேன். பள்ளியிற் பயின்ற காலத்தில் ஒரு விடுதலை நாளன்று பெருமுரசு என் மார்பில் தொங்கியது. கொடிமரத்தின் பக்கத்தில் என் தாயார் நிற்பதைக் கண்டு ஒரு கணம் திரும்பினேன். ஒரே ஓர் அறை தவறியது. சிறுமுரசுகள் தடுமாறின, கொம்பு ஊதியோர் மூச்சு இடையறுந்தது, பின்வந்த இருநூறு சிறுவர் கால் மாறினர். பாண்டு ஆசிரியர் என்னைக் கடிந்திலர். மறுநாள் ஒரு துணியைத் தந்து, எல்லாக் கருவிகளையும் துடைக்குமாறு பணித்தார். ஒவ்வொன்றையும் கையிலெடுத்துத் துடைக்கையில், எத்தனை பேருடைய உழைப்பை யான் ஒரு பார்வையாற் கெடுத்தேன் என்பது எனக்கு விளங்கிற்று.

இரண்டாவது கடமை காலந்தவறாமையும் இடைவிடாப் பயிற்சியுமாம். பியூகிள் என்னும் கொம்பிற்கு வால்வுகள் இல்லை. உதடுகளின் இறுக்கத்தாலும் மூச்சின் வலிவாலுமே அதன் சுரங்கள் மாறும். டிரம்பெட்டிற்கு மூன்று வால்வுகள் உண்டு. அவற்றை அழுத்துங்கால் காற்றுச் செல்லும் குழாயின் நீளம் மிகுந்து சுரம் தாழும். நடுவிலுள்ளது அரைச் சுரமும், முதலாவது ஒரு முழுச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். இதனை அறிவாற் கற்பதற்கு ஒரு நாள் போதும். உதட்டின் தசைகள் அதற்குப் பழகுவதற்கோ மாதங்கள் வேண்டும். விழாவுக்கு முந்திய வாரத்தில் மட்டும் ஊதிக் கற்பேன் என்பவன் உதடு புண்பட்டு நிற்பானேயன்றி இசை பெறான். நாள்தோறும் கால் மணி நேரம் செய்யும் பயிற்சி, ஒருநாளில் மூன்று மணி நேரம் செய்யும் பயிற்சியினும் நன்று.

நம் பகுதியின் வெயிலும் ஓர் ஆசிரியனே. கருவியினுள் இருக்கும் காற்று வெப்பமுறின் சுருதி ஏறும். நிழலிற் சேர்த்த சுருதி வெயிலில் அரை நாழிகை நின்றபின் மாறிவிடும். ஆதலின், அணிவகுப்புத் தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை சுருதி ஒத்துப்பார்த்தல் வேண்டும். தான் சரியாக இருக்கின்றேன் என்று நேற்றைய நினைவால் நம்பியிருப்பவனே குழுவின் சுருதியைக் கெடுப்பவன்.

மூன்றாவது கடமை கருவியைப் பேணுதல். நம் பகுதிப் பள்ளிகளில் பெரும்பாலான மாணவர்க்குச் சொந்தக் கருவி இல்லை. பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் அச்சுத் தொழிலும் செய்து பிழைக்கும் பெற்றோர் கிளாரினெட்டு வாங்கித் தருதல் எளிதோ? ஒரே கருவி அண்ணன்மார் கையினின்று தம்பிமார் கைக்கு வழிவழியாக வருகின்றது. ஊதி முடித்தபின் குழாயினுள் தங்கும் நீரை அகற்றுதல், ஊதுவாயைக் கழுவுதல், வால்வுகளுக்கு எண்ணெய் இடுதல், கிளாரினெட்டின் நாணற் சீவாளியைக் கழற்றி உலர்த்துதல், முரசின் தோலை மழையினின்றும் கடுவெயிலினின்றும் காத்தல் ஆகியன சிறு செயல்களே. ஆயினும், இன்று ஒருவன் அவற்றைச் செய்யாது விடுவானாயின், நான்கு ஆண்டு கழித்து வரும் ஏழைச் சிறுவன் ஒருவன் கருவியின்றி வரிசைக்கு வெளியே நிற்பான். முகமறியாத அச்சிறுவனுக்கு நாம் பட்ட கடன் இது. மலைபடுகடாத்தில் வரும் கூத்தர் தம் கருவிகளைப் பைகளிலிட்டு, பலாக்காய்க் கொத்தினைப் போலச் சுமை ஒத்திருக்கக் கட்டிச் செல்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கருவியைக் காத்துச் சுமக்கும் முறை நம்மிடம் இருந்தது.

நான்காவது கடமை ஒப்புரவு. பண்டைத் தமிழர் முரசுக்குத் தனிக் கட்டில் அமைத்துப் போற்றினர். அக்கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனார் என்னும் புலவரை வாளால் வெட்டாது, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற செய்தியைப் புறநானூற்றிற் காண்கின்றோம். முரசினை இவ்வாறு போற்றிய நாட்டிலேயே, பிற்காலத்தில் பறையறைவோரைத் தாழ்ந்தோரெனத் தள்ளிய கொடுமையும் நிகழ்ந்தது. தோற்கருவியைத் தொட நாணுவோர் இன்றும் இலரல்லர். பள்ளி வாத்தியக் குழுவில் இந்நாணத்திற்கு இடமில்லை. இன்று கொம்பு ஊதியவன் நாளை முரசு சுமப்பான்; நாளை மறுநாள் தாளத்தட்டு ஏந்துவான். எவர் வீட்டுப் பிள்ளை எக்கருவியை எடுப்பது என்பதைப் பிறப்பன்று, மூச்சும் கையும் காலமும் உறுதிசெய்ய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இதுவே நீதி. ஒருவர் ஊதிய கொம்பை மற்றொருவர் கழுவி வாயில் வைக்கும் இடத்தில் சாதி நெடுநாள் நிற்றல் அரிது.

கடமை மாணவர்க்கு மட்டுமோ எனின், அன்று. பள்ளிக்கும் உண்டு. தேர்வு நெருங்கிய காலத்திற் பயிற்சியைக் குறைத்தல், கடும்பகலில் நீரின்றி நிறுத்தாமை, முரசுகளுக்கு அருகில் நிற்போரின் செவியைக் காத்தல், தனியார் திருமணத்திற்கோ கட்சிக் கூட்டத்திற்கோ வகுப்பைக் கெடுத்து மாணவரை அனுப்பாமை ஆகியன நல்ல பள்ளியின் இலக்கணம். பெற்றோரும், 'முரசடித்தால் சோறு வருமா' என்று எள்ளுதலை விட்டு, மாலையில் அரை மணி நேரம் பிள்ளைக்கு ஒதுக்கித் தருதல் வேண்டும்.

இத்துணை ஒழுங்கு ஒரு விழாவுக்காகவோ என்று சிலர் வினவலாம். அவர்க்கு விடையளிக்க வேறெவ்வூரினும் நம்மூரே தகுதியுடையது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட பின்னர், மழை குறைந்த இந்நிலம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தாயகமாயிற்று. பட்டாசுச் சாலையின் விதிகளை இங்குள்ள பிள்ளைகள் அரிச்சுவடியோடு கேட்டு வளர்கின்றனர். ஓர் அறையில் குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டோர் இருத்தலாகாது. தீப்பொறி எழுப்பும் இரும்புக் கருவி கூடாது. சிந்திய மருந்தை அப்படியே விடலாகாது. வாயிலை அடைத்துப் பொருள் வைத்தலாகாது. இவற்றுள் எதனையும் ஒருவன் தனக்கென மட்டும் மீறுதல் இயலாது. அவன் மீறுவது தன்னருகே இருப்போரின் உயிரை. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய ஓடிவந்தோரும் அவருள் இருந்தனர். அதன் பின்னரும் விபத்துக்கள் ஒழிந்தபாடில்லை.

அத்தகைய விபத்துக்கள் யாவும் தொழிலாளரின் பிழையால் நேர்வன என்று யான் கூறவில்லை. பெரும்பொறுப்பு உரிமையாளரையும் கண்காணிப்போரையும் சார்ந்ததே. யான் கூறவந்தது ஒன்றே. பிறர் நலம் தன் கையில் இருக்கின்றது என்னும் உணர்ச்சி நூலைப் படித்து வருவதன்று, பழகி வருவது. அதனைப் பட்டாசு அறையிற் பழகத் தொடங்குதல் மிகவும் காலங்கடந்த செயல். பள்ளி வாத்தியக் குழுவிலோ, பிழை ஒருவர் உயிரையும் கொள்ளாது. ஒரு தாளம் தவறும், சிலர் நகைப்பர், முகம் சிவக்கும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். உயிருக்கு ஊறு நேராத இடத்தில் பொறுப்பைப் பயில்விக்கும் பள்ளியே பாண்டு வாத்தியக் குழு. அங்குப் பயின்றவன் நாளை உரிமையாளனாயினும், மேற்பார்வையாளனாயினும், தொழிலாளியாயினும், அருகே இருப்போனை மறவான். இதுவே அக்குழுவின் தலையாய பயன் என்பது என் கருத்து.

கிறிஸ்தவ மாணவராகிய நமக்கு இவ்வுண்மை திருமறையிலும் வெளிப்படை. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில், எக்காளம் ஊதிய ஆசாரியர் 120 பேரும் பாடகரும் ஒரே குரலாக இசைத்த அப்பொழுதே ஆலயம் கர்த்தரின் மகிமையால் நிரம்பிற்று என்று இரண்டாம் நாளாகமம் கூறுகின்றது. பவுல் அப்போஸ்தலரோ, எக்காளத்தின் ஒலி தெளிவற்றிருப்பின் போருக்கு எழுவார் யார் என்னும் கருத்தைக் கொரிந்தியருக்கு உணர்த்துகின்றார். அவர் அந்நிருபத்திலேயே திருச்சபையைப் பல உறுப்புக்களையுடைய ஓர் உடலாகக் காட்டியதும் நாம் அறிந்ததே.

ஆகவே, இளைய தம்பி தங்கையரே! உங்கள் பள்ளியில் முரசோ கொம்போ கைக்குக் கிட்டுமாயின், அதனை மகிழ்ந்து ஏற்பீர்களாக. அதன் ஒலி உங்களுடையது மட்டுமன்று. அருகே நிற்போருடையதும், பின்னே நடப்போருடையதும், நாளை வருவோருடையதும் ஆகும் என்பதனை மறவாதிருப்பீர்களாக. விழா முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், கருவியைத் துடைத்து உறையிலிட்டு உரிய இடத்தில் வைத்துச் செல்லும் மாணவன் எவனோ, அவனே அக்குழுவின் மெய்யான தலைவன்.