கோடுகளைப் படிப்பவர்

"நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு டாக்டர், ஒரு மாத்திரை கொடுங்க."

தேக்கா வட்டாரக் கிளினிக்குகளுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பெரியவர்களை நாம் அறிவோம். நம் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். பெரும்பாலும் அது வாயுவாகவே இருக்கும். சில வேளைகளில் மாரடைப்பாகவும் இருக்கும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மாரடைப்பு அதிகம் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. எது வாயு, எது மாரடைப்பு என்று பிரித்தறியும் பொறுப்பு பல நேரங்களில் முதலில் குடும்ப மருத்துவர்மீதே விழுகிறது. அதற்கு அவருக்குத் துணையாக இருப்பது இசிஜி எனப்படும் இதய மின்வரைபடம்.

இக்கருவியை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று உடலில் 10 மின்முனைகளை ஒட்டி, இதயத்தை 12 கோணங்களில் பதிவு செய்கிறார்கள். வரைபடத் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடியைக் குறிக்கும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம் முற்றிலும் அடைபட்டால், துடிப்பலையை அடுத்துச் சமமாகச் செல்ல வேண்டிய கோடு பொதுவாக மேலே எழும்பி நிற்கும். அடைப்பை நீக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் தசை அழிந்துகொண்டிருக்கும்.

கேட்பதற்கு எளிது, படிப்பதற்குக் கடினம். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முந்தைய 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இசிஜி வாசிப்புத் தேர்வுகளில் மருத்துவ மாணவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 42 விழுக்காடு. பணியில் இருக்கும் மருத்துவர்கள் 68.5 விழுக்காடு; இதய நிபுணர்களே 75 விழுக்காட்டைத் தொடவில்லை!

அப்படியானால் குடும்ப மருத்துவரின் திறமை எதில் இருக்கிறது? எல்லா நோய்களின் பெயரையும் கோடுகளிலிருந்து சொல்வதில் இல்லை. "இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா?" என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதில் இருக்கிறது. மாரடைப்பின் தொடக்கத்தில் வரைபடம் இயல்பாகவே தோன்றக்கூடும். ஆகவே நல்ல மருத்துவர் தாளை மட்டும் நம்புவதில்லை. நோயாளியின் வியர்வையையும் மூச்சுத்திணறலையும் கவனிக்கிறார். பழைய இசிஜி இருந்தால் ஒப்பிடுகிறார். ஐயம் இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்.

உதவி கேட்பதும் திறமையே. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நடந்த ஒரு திட்டத்தில், சிறு மருத்துவமனைகள் இசிஜியை மின்வழி அனுப்பிப் பெரிய மருத்துவமனைகளோடு இணைந்து செயல்பட்டன. 2,420 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் திட்டத்துக்கு முன் 17.6 விழுக்காடாகவும் பின் 14.2 விழுக்காடாகவும் இருந்தது.

இதில் நம் பங்கு என்ன? தாத்தா பாட்டியுடன் கிளினிக்குக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் நாம்தான். 'வாயு' என்ற சொல்லை 'கேஸ்' என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டால், மருத்துவரின் சிந்தனை வயிற்றை நோக்கிப் போய்விடலாம். எங்கே அடைக்கிறது, எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறதா, வியர்த்ததா என்று தமிழில் கேட்டு, அனைத்தையும் சொல்லுங்கள். பெற்றோரின் பழைய இசிஜியைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். நெஞ்சு வலி கடுமையாகவோ விடாமலோ இருந்தால் கிளினிக்கைத் தேடி அலைய வேண்டாம், டாக்சியும் வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள். அவசர மருத்துவ வாகனத்திலேயே இசிஜி எடுக்கும் வசதி உண்டு.

கோடுகளைப் படிப்பது மருத்துவரின் வேலை. அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் கதையை அவருக்குச் சரியாகச் சொல்வது, தமிழ் அறிந்த நம் வேலை.