அரிவாள்மணையும் ஐந்து விரலும்



ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆயுதசாலை உண்டு. அதற்கு அடுக்களை என்று பெயர். அரிவாள்மணை, கத்தி, தேங்காய்த் துருவி, காய் சீவும் தகடு, மிக்ஸியின் அலகு என்று கூர்மையான கருவிகள் அத்தனையும் அங்கேதான் குடியிருக்கின்றன. நாள் தவறாமல் அவற்றோடு பழகுவதனால் அவற்றிடம் நமக்குள்ள அச்சம் குறைந்துவிடுகிறது. அச்சம் குறையும்போது கவனமும் உடன் குறைகிறது. அந்த ஒரு கணத்தில்தான் விரலில் வெட்டு விழுகிறது.

கத்திக்கும் அரிவாள்மணைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கத்தியால் அரியும்போது கருவி நகர்கிறது. காயைப் பிடித்த கை நிற்கிறது. அரிவாள்மணையிலோ கருவி நிற்கிறது. இரு கைகளும் அதை நோக்கி நகர்கின்றன. ஆதலின் கத்தி பெரும்பாலும் காயைப் பிடித்திருக்கும் கையையே பதம் பார்க்கும். அரிவாள்மணைக்கு இரண்டு கைகளும் ஒன்றுதான். வேலை முடிந்தபின் அதை நிமிர்த்தியே வைத்துவிட்டால், ஓடிவரும் குழந்தையின் காலும் அதற்குத் தப்பாது.

கூரிய கத்திதான் அபாயமானது என்று பலர் எண்ணுகிறார்கள். மழுங்கிய கத்தியும் அபாயமானதே. கூரிய கத்தி தானாக இறங்கும். மழுங்கிய கத்தியை நாம் பலங்கொண்டு அழுத்துகிறோம்; அது தக்காளியின் தோலில் வழுக்கி, அதே பலத்தோடு விரலில் பாய்கிறது. இன்னும் சில பழக்கங்களும் கேட்டை விளைவிப்பன. தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி அரிவாளால் உடைப்பது, கைதவறி விழும் கத்தியைத் தாவிப் பிடிப்பது, நுரை நிறைந்த தொட்டிக்குள் கத்தியை மறைய விட்டுவைப்பது, மின்இணைப்பைத் துண்டிக்காமல் மிக்ஸிக்குள் விரலை விடுவது ஆகிய யாவும் அத்தகையவை. விழும் கத்திக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை, காலை விலக்கிக்கொண்டு அதை விழ விடுவதுதான்.

கையில் ஏற்படும் சிறு வெட்டுக்கு இத்துணைப் பேச்சு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். கையின் அமைப்பே அதற்கு விடை கூறும். ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. விரல்களை மடக்கி நிமிர்த்தும் தசைகளுள் பெரியவை முன்கையில் உள்ளன; விரலுக்குள்ளேயே அத்தகைய தசை எதுவும் இல்லை. பொம்மலாட்டக்காரன் மேலிருந்து நூலை இழுப்பதுபோல், முன்கையிலுள்ள தசைகள் தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகளால் விரல்களை இயக்குகின்றன. அந்தக் கயிறுகளும், விரலின் இருபுறமும் ஓடும் நரம்புகளும், இரத்தக் குழாய்களும் தோலுக்குச் சற்றுக் கீழேயே நெருக்கமாக அமைந்துள்ளன. தொடையில் ஓர் அங்குல நீள வெட்டு வெறும் சதைக்காயமாக முடியலாம். விரலிலோ அரை அங்குல வெட்டு ஒரு தசைநாணை அறுத்து, அந்த விரல் மீண்டும் மடங்காதபடி செய்துவிடக் கூடும். எனவே கைக்காயத்தை அதன் நீளத்தைக் கொண்டோ, வழிந்த இரத்தத்தைக் கொண்டோ மதிப்பிடலாகாது. அடியில் என்ன அறுபட்டது என்பதே கேள்வி.

இந்தக் கைகளைக் காக்கும் காவலன் ஒருவன் உண்டு. அவன் பெயர் வலி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்பதை ஆராய்ந்தார். நோய் நேரே சதையைத் தின்பதனால் அன்று. உணர்ச்சி அற்றுப்போனதனால் வெட்டும் சூடும் அவர்களுக்குத் தெரியாமல், கவனிப்பாரற்ற காயங்களே விரல்களை அழித்தன என்று அவர் விளக்கினார். நீண்ட நாள் நீரிழிவால் உணர்ச்சி குன்றியவர்களுக்கும் இந்த உண்மை பொருந்தும். வலி இல்லை என்பதனால் காயம் சிறிது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

இனி, வெட்டுப்பட்டவுடன் செய்யவேண்டுவது யாது? கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்காரவேண்டும். இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுபவர் உண்டு. தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்திப் பிடிக்கவேண்டும். குறைந்தது பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி இடைவிடாமல் அழுத்தவேண்டும். இரத்தத்திலுள்ள நுண்தட்டுகள் அறுபட்ட குழாயின் வாயில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் நார்போன்ற வலை படர்ந்து அடைப்பாகிறது. "நின்றுவிட்டதா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்ப்பவர், கட்டிய அணையைத் தாமே உடைக்கிறார். துணி நனைந்தால் அதன்மேல் மற்றொன்றை வைத்து அழுத்துவதே முறை. கையில் மோதிரம் இருந்தால், வீக்கம் காணுமுன் அதைக் கழற்றிவிடுதல் நல்லது. பிறருடைய காயத்துக்கு உதவுவோர் கையுறை அணியலாம். அது கிடைக்காவிடில் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் காயம் கண்டவுடன் காப்பித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை, சாம்பல் ஆகியவற்றை அப்பும் வழக்கம் இருக்கிறது. அன்பினால் செய்யும் செயல்தான். ஆனால் பயன் தராதது. இரத்தம் நின்றால், அது தூளின் மகிமையன்று. தூளோடு சேர்த்து அழுத்திய விரலின் மகிமை. தூளோ காயத்துக்குள் தங்கி, அழுக்கையும் கிருமியையும் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே என்ன அறுபட்டது என்று மருத்துவர் பார்க்கவொட்டாமல் மறைத்தும் விடுகிறது. விரலின் அடியில் நூலை இறுக்கிக் கட்டுவதும் தவறு. இரத்தம் செல்லாத விரல் அழியும். கண்ணாடித் துண்டோ கத்தி நுனியோ ஆழமாகக் குத்தி நின்றால், அதைப் பிடுங்காமல், அதன் இருபுறமும் அழுத்திக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மேலோட்டமான காயமாயின், இரத்தம் நின்றபின் ஓடும் நீரில் சில நிமிடங்கள் கழுவலாம். குடிக்கத் தகுந்த தூய நீரே இதற்குப் போதும். ஸ்பிரிட்டையும் காரமான மருந்துகளையும் காயத்துக்குள் ஊற்றினால், ஆறவேண்டிய சதையே புண்படும். பிறகு சுத்தமான துணிக்கட்டோ பிளாஸ்திரியோ போடலாம். இந்தப் பிளாஸ்திரியும் அடுக்களையிலே பிறந்ததுதான். அமெரிக்காவில் ஏர்ல் டிக்சன் என்பவரின் மனைவி சமையலின்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார். அவர் தாமே ஒரு கையால் கட்டிக்கொள்ளும்படி, ஒட்டும் நாடாவின் நடுவே சிறு துணித் துண்டுகளை வைத்து 1920ஆம் ஆண்டில் டிக்சன் ஒரு கட்டை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பைகளில் கிடக்கும் பிளாஸ்திரிக்கு அதுவே முன்னோடி.

இரத்தம் நின்றபின் மறவாமல் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. விரலின் ஒவ்வொரு கணுவும், சிறப்பாக நுனிக் கணு, தனியே மடங்குகிறதா, நிமிர்கிறதா? பஞ்சால் மெல்லத் தொட்டால் விரலின் இருபுறமும் உணர்ச்சி இருக்கிறதா? நுனி மற்ற விரல்களைப்போல் வெதுவெதுப்பாகவும் செம்மையாகவும் இருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு "இல்லை" என்று விடை வந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். பாதி அறுந்த தசைநாண்கூட விரலைச் சிறிது நேரம் மடக்கிக் காட்டும். ஆகையால் வாய் பிளந்த காயத்தையும் ஆழமான காயத்தையும், சோதனையில் தேறினாலும், மருத்துவர் பார்க்கவேண்டும். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தமும், பீறிட்டு அடிக்கும் இரத்தமும் அவசரத்தின் அறிகுறிகள். அழுத்தத்தை விடாமல், தமிழ்நாட்டில் உள்ளோர் 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

விரல் துண்டிக்கப்பட்டாலும் நம்பிக்கை இழக்கவேண்டுவதில்லை. ஜப்பானிலுள்ள நாரா நகரில் 1965ஆம் ஆண்டில் கோமாட்சு, தமாய் என்னும் மருத்துவர்கள், முற்றிலும் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் துணையால் மீண்டும் பொருத்தி உயிர்ப்பித்தார்கள். அந்தத் துண்டைத் தூய ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்லவேண்டும். பனிக்கட்டி துண்டின்மேல் நேரே பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும்.

காயம் மூடிய பின்னும் ஒரு பகைவன் இருக்கிறான். மண்ணிலும் சாணத்திலும் வாழும் இரணஜன்னிக் கிருமியை 1889ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ. காற்றுப் புகாத ஆழமான காயமே அதற்கு உகந்த இடம். நோய் வந்தபின் போராடுவதைக் காட்டிலும் வருமுன் தடுப்பது எளிது. நம் நாட்டில் பள்ளி வயதினருக்கு 10 வயதிலும் 16 வயதிலும் தடுப்பூசி போடப்படுகிறது. கடைசியாகப் போட்டு பத்து ஆண்டு ஆகிவிட்டால், அழுக்கான காயமாயின் ஐந்து ஆண்டு ஆகிவிட்டால், மருத்துவரிடம் கேட்டு மீண்டும் போட்டுக்கொள்ளவேண்டும். இரண்டு மூன்று நாளில் காயம் சிவந்து வீங்கித் துடித்தாலோ, சீழ் பிடித்தாலோ, செங்கோடு கைமேல் ஏறினாலோ தாமதம் கூடாது.

மாணவ மாணவியரே! விடுதியில் தங்கித் தாமே சமைத்துண்பவர்கள் இன்று உங்களுள் பலர். எழுதுவதும், வீணை மீட்டுவதும், இயந்திரத்தை முடுக்குவதும், நோயாளியின் நாடியைப் பார்ப்பதும் இந்தப் பத்து விரல்களைக் கொண்டுதான். வெட்டுப்படாமல் காப்பது முதற்கடமை. பட்டுவிட்டால் அழுத்துங்கள், கழுவுங்கள், மடக்கிப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள். ஐயம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்று மாலை வீட்டிலுள்ளோருக்கும் இதைச் சொல்லுங்கள். காப்பித்தூள் டப்பா காப்பிக்கே உதவட்டும். காயத்துக்கு ஒரு தூய துணியும் பத்து நிமிடப் பொறுமையும் உதவட்டும்.