ஆசிரியரின் எதிர்பார்ப்பும் கடைசி வாங்கும்

வகுப்பறையில் இரு பாடங்கள் ஒருங்கே நடைபெறுகின்றன. ஒன்று, ஆசிரியர் வாய்திறந்து சொல்லும் பாடம். மற்றையது, ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர் எதனை எதிர்பார்க்கின்றார் என்பதை அவருடைய கண்ணும் குரலும் சொல்லாமற் சொல்லும் பாடம். முதலாவதைப் பிள்ளைகள் மறந்துவிடக்கூடும். இரண்டாவதை எளிதில் மறப்பதில்லை. முன்வாங்கில் இருக்கும் பிள்ளை, தன்னிடம் விடை எதிர்பார்க்கப்படுகின்றது என்பதை அறியும். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை, தன்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கப்படவில்லை என்பதையும் அவ்வாறே அறியும். ஆதலின், பயன்தரும் கற்பித்தல் முறை யாது என்று ஆராயப் புகுவோர், ஆசிரியரின் எதிர்பார்ப்பு எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

இது தமிழருக்குப் புதிய ஆராய்ச்சியன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், இலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன்னரே, பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது இயல்பையும் பாடஞ் சொல்லும் முறையையும் மாணாக்கனது இயல்பையும் பாடங் கேட்கும் முறையையும் வகுத்துரைத்தார். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அங்கே உவமைகளாயின. மாணாக்கரோ முதல், இடை, கடை என மூவகைப்பட்டனர். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னம் முதல் மாணாக்கனுக்கு உவமையாயிற்று. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் பன்னாடை கடை மாணாக்கனுக்கு உவமையாயிற்று.

இவ்வுவமைகளைக் கேட்கும் பழக்கத்துக்கு உரியனவாகக் கொண்டால் ஆசிரியருக்கு அவை பெரிதும் உதவும். பிறவியிலே குத்திய முத்திரைகளாகக் கொண்டாலோ தீமை விளையும். பன்னாடைபோலக் கேட்கும் பழக்கத்தை மாற்றுவது ஆசிரியரின் தொழில். ஒரு பிள்ளைக்குப் பன்னாடை என்று பெயரிட்டு அமைதியடைவது அத்தொழிலைக் கைவிடுவதாகும்.

அவ்வாறு பெயரிடுவதனால் என்ன விளையும் என்பதை அளந்தறிய முயன்றோரும் உளர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் றொபேட் றோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்னும் இருவர் நடத்திய சோதனை 1968இல் நூலாக வெளிவந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைக்கப்பட்டது. அதன்பின், அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் அவ்வாண்டில் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைவர் என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அப்பிள்ளைகள் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு தெரியப்பட்டவர்கள் அல்லர்; குலுக்கிப் பொறுக்கியதுபோலத் தெரியப்பட்டவர்கள். ஆயினும் ஆண்டிறுதியில், முதலாம் இரண்டாம் வகுப்புகளில் அவர்கள் ஏனையோரைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தனர் என அவ்விருவரும் அறிவித்தனர். மேல்வகுப்புகளில் அத்தகைய வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை.

இம்முடிவை அறிஞர் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சோதனையில் வழங்கப்பட்ட பரீட்சை இளம்பிள்ளைகளை அளத்தற்கு ஏற்றதன்று எனப் பலர் கண்டித்தனர். பின்னர் நிகழ்ந்த பல ஆராய்ச்சிகளின் சாரம் நிதானமானது: ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் கல்வியை மாற்றுவது உண்மை, ஆயின் அம்மாற்றம் பொதுவாகச் சிறிது. சமுதாயத்தில் ஏற்கெனவே தாழ்வாக எண்ணப்பட்டுவரும் பிள்ளைகளிடத்து அது பெரிதாதல் கூடும். எதிர்பார்ப்பு ஒரு மந்திரமன்று. எனினும் எவனுக்கு வேறு துணை இல்லையோ அவனையே அது மிகுதியாகத் தொடுகின்றது.

மனத்தில் உள்ள எண்ணம் பிள்ளையை எவ்வழியாகச் சென்றடைகின்றது? அவ்வழிகளுள் ஒன்றை மேரி பட் றோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் கண்டு காட்டினார். வகுப்புகளில் நிகழும் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த அவர், வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவே எனக் கண்டார். கெட்டிக்காரர் என்று மதிக்கப்பட்டோருக்குக் கூடிய நேரமும், மந்தமானோர் என்று மதிக்கப்பட்டோருக்குக் குறைந்த நேரமும் கிடைத்தன. எவன் சிந்திப்பதற்குக் கூடிய நேரம் வேண்டுமோ, அவனிடமிருந்தே நேரம் பறிக்கப்பட்டது. ஆசிரியர் மூன்று செக்கனேனும் பொறுத்திருந்தபோது விடைகள் நீண்டன. காரணங் காட்டிப் பேசுதல் கூடியது. அதுகாறும் வாய்திறவாத பிள்ளைகளும் விடை சொல்லத் தலைப்பட்டனர். இதற்குப் பணச் செலவு ஏதும் இல்லை. பொறுமை ஒன்றே செலவாகும்.

பொறுத்திருத்தல் மாத்திரம் போதாது. எதிர்பார்ப்பதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர், "கிணற்றடியைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று எழுதுங்கள்" என்கின்றார் எனக் கொள்வோம். நல்ல கட்டுரை எது? புத்தகமும் பத்திரிகையும் புழங்கும் வீட்டுப் பிள்ளை அதனை ஒருவாறு ஊகித்துக்கொள்ளும். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் ஏறிய பிள்ளைக்கு ஊகிப்பதற்கும் வழியில்லை. அது எழுதிய நாலு வரி குறைந்த புள்ளி பெறும்போது, தனக்கு எழுத வராது என்றே அப்பிள்ளை முடிவு செய்யும்.

அதே ஆசிரியர் வேறு விதமாகவும் தொடங்கலாம். "இக்கிணற்றடியை ஒருநாளும் காணாத ஒருவர் உங்கள் கட்டுரையை வாசிக்கப்போகின்றார். அவர் மூன்று பொருள்களைக் கண்ணாற் காண வேண்டும். ஓர் ஒலியையாவது காதாற் கேட்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் முற்றுப்பெற வேண்டும்." இவ்வாறு கூறியபின், திருத்தமான பந்தி ஒன்றையும் குறைபாடுள்ள பந்தி ஒன்றையும் கரும்பலகையில் எழுதி, எது சிறந்தது, ஏன் சிறந்தது என்று பிள்ளைகளையே சொல்லச் செய்யலாம். இப்பொழுது இலக்கு ஆசிரியரின் நெஞ்சுக்குள்ளே ஒளிந்திருக்கவில்லை. முன்வாங்குக்கும் கடைசி வாங்குக்கும் பொதுவாகக் கரும்பலகையிலே நிற்கின்றது. இலக்கைத் தாழ்த்தாமல், இலக்குக்குச் செல்லும் படிகளைக் கூட்டுதல் என்பது இதுவே.

ஒழுங்குபற்றிய எதிர்பார்ப்புக்கும் இவ்விதி பொருந்தும். ஜேக்கப் கூனின் என்பவர் 1970இல் வெளியிட்ட நூலில், குழப்பம் நேர்ந்தபின் கண்டிக்கும் முறையில் திறமையுள்ள ஆசிரியருக்கும் ஏனையோருக்கும் பெரிய வேறுபாடு இல்லை எனக் காட்டினார். குழப்பம் நேருமுன் செய்வனவற்றிலேயே வேறுபாடு இருந்தது. திறமையுள்ளோர் வகுப்பின் நாற்புறத்தையும் கவனித்தனர். ஒரு வேலையிலிருந்து மறுவேலைக்குத் தடையின்றிச் சென்றனர். 1980இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அவதானித்தது. அவர்களுட் சிறந்தோர், கொப்பி சேர்ப்பது எப்படி, உதவி கேட்பது எப்படி என்பவற்றையும் ஒரு பாடம்போலவே முதல் வாரங்களிற் சொல்லிக் காட்டிப் பழக்கினர். சொல்லித் தராத விதியை மீறியதற்காகப் பிள்ளையை ஏசுதல், படிப்பிக்காத பாடத்திற் பரீட்சை வைப்பதை ஒக்கும்.

எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்று பார்த்தலும் முறையின் ஒரு பகுதியாகும். "விளங்கிற்றா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "ஓம்" என்னும், அதனால் அறியக் கிடைப்பது ஒன்றுமில்லை. பாடத்தைப் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கும்படி ஒவ்வொரு பிள்ளையையும் ஏவினால் உண்மை வெளிப்படும். ஆசிரியர் வாயிலாக மாணாக்கன் பெறுவது காற்பங்கே எனவும், உடன்கற்போரொடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும் எனவும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் எனவும் நன்னூல் கணக்கிட்டது. அக்கணக்கின்படி பார்த்தால், வகுப்பில் பேசுவதற்கு இடம் பெறாத பிள்ளை கல்வியின் பெரும்பகுதியை இழந்தே வீடு திரும்புகின்றது.

இலங்கையில் இது சிறிய செய்தியன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனால் உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு அகலத் திறந்தது. கதவைத் திறத்தல் அரசின் செயல். உள்ளே வந்த பிள்ளையிடம் எதனை எதிர்பார்ப்பது என்பதைத் தீர்மானித்தல் வகுப்பாசிரியரின் செயல். அத்தீர்மானத்தை எந்தச் சட்டமும் அவருக்காகச் செய்துவிட முடியாது.

வினாவைக் கடைசி வாங்கின் பக்கமும் அனுப்பி, அங்கிருந்து விடை வரும்வரை மூன்று செக்கன் காத்திருக்கும் ஆசிரியர், அப்பிள்ளைக்கு ஒரு செய்தியையும் சேர்த்தே அனுப்புகின்றார். உன்னாலும் இயலும் என்பதே அச்செய்தி. விடை அன்று பிழையாக அமையலாம். நாளையும் அதே பிள்ளையிடம் கேட்பதற்கு அவர் ஆயத்தமாயிருப்பாராயின், பாடம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.