தோலும் கடற்பஞ்சும்

ஷாஃபிஈ மத்ஹபில் மாணவர்கள் முதலில் ஓதும் நூல்களுள் ஒன்று அபூ ஷுஜாஃ அவர்களின் மத்ன். தூய்மைக்குரிய ஏழு வகை நீரைக் கூறி அது தொடங்குகிறது. கடல்நீரும் ஆற்றுநீரும் அவற்றுள் அடங்கும். பின்னர் வருவது பதனிடுதலால் தோல் தூய்மை பெறும் சட்டம். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கற்பிக்கும்போது நம்முள் ஒரு கேள்வி எழுகிறது: தோலைத் தூய்மையாக்கும் தொழில் நீரை மாசாக்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது. அங்கிருந்து வெளியேறிய கழிவு பாலாற்றைக் கெடுத்ததை 1996இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. அப்பாலாறு மாமல்லபுரத்திற்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கரையில் கடலோடு கலக்கிறது.

முடி நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பயன்படுகின்றன. முடி கரைந்து கழிவுநீரில் சேர்கிறது. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் என்னும் நொதியோ முடிவேரின் பிடிப்பைத் தளர்த்துகிறது. முடி கரையாது கழன்றுவிடும். சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையை ஆராய்ந்து வந்துள்ளது.

இத்தகைய நொதிக்குக் கடலும் ஓர் ஊற்று. அரபியில் ‘இஸ்ஃபன்ஜ்’ எனப்படும் கடற்பஞ்சு, வாயும் குடலும் இல்லாத உயிரினம். துளைகள் வழியே நீரை இழுத்து, வடித்து உண்கிறது. சிலவகைக் கடற்பஞ்சின் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் அதனுள் குடியிருக்கும் நுண்ணுயிரிகளே. உப்பும் சற்றுக் காரமும் உடைய நீரில் வாழ்வதால், அவற்றின் நொதிகள் பல இவ்விரண்டையும் தாங்குகின்றன. 2008இல் பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தென்னிந்தியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து பிரித்த ரோசியோபாக்டர் என்னும் பாக்டீரியா, காரமும் வெப்பமும் தாங்கும் புரோட்டியேஸைச் சுரப்பதை வெளியிட்டனர். ஒருமுறை பிரித்த பாக்டீரியாவைக் கலனில் பெருக்கலாம்; மீண்டும் மீண்டும் கடற்பஞ்சை அறுக்க வேண்டியதில்லை.

இடர்களும் உள. கடற்பஞ்சின் நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் வளர்வதில்லை. நொதி அளவு மீறினால் தோலின் கொலாஜனையும் அரித்துவிடும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து தோல் கிடங்கு வரையிலான தூரம் சிறிதன்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மாசடைந்த ஆறு கலக்குமிடத்தில் கடற்பஞ்சு வடித்து உண்பதும் அந்த மாசைத்தான். மருந்தைத் தேடும் இடத்திலேயே நோயைக் கொட்டுதல் அறிவுடைமையாகாது. அந்நூலில் நீரின் பாடம் முன்னும் தோலின் பாடம் பின்னும் அமைந்திருப்பதை, தொழில் நடத்துவோரும் அதனை ஓதுவிக்கும் நாமும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.