ஒலிம்பிக் குடாநாட்டில் நாயுடன் இரு நாள்

நாய் வாயிலைக் காப்பதற்கு உரியது, வழிப்பயணத்திற்கு உரியதன்று என்பது நம்மவருட் பலருடைய எண்ணம். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தவரிடம் இவ்வெண்ணம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் அடைத்ததும், கூடாரம், மழையங்கி, உணவு ஆகியவற்றோடு வீட்டு நாயையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு சியாட்டில் நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் குடும்பங்கள் பல. மூன்று நான்கு மணி நேரத்தில் அவர்கள் அடையும் இடம் ஒலிம்பிக் குடாநாடு. சனிக்கிழமை பசிபிக் சமுத்திரக் கரையிலும் ஞாயிற்றுக்கிழமை மழைக்காட்டிலும் நடந்து திரும்ப அங்கு வாய்ப்புண்டு. இரண்டிற்கும் இடையே ஒரு மணி நேர ஓட்டந்தானும் இல்லை.

ஆனால், நாயை எங்கே அழைத்துச் செல்லலாம், எங்கே ஆகாது என்பது அங்கு மிக நுட்பமாக வரையறுக்கப்பட்டுள்ளது. காரணம் அறியாதவருக்கு இவ்வரையறைகள் அதிகாரிகளின் வீண் கெடுபிடியாகவே தோன்றும். ஆராய்ந்து பார்த்தால், அவற்றுட் சில காட்டு விலங்குகளைக் காப்பதற்கும், சில அந்த நாயையே காப்பதற்கும் எழுந்தவை என்பது புலப்படும்.

மழைக்காடு என்றதும் நேயர்களின் நினைவுக்கு வருவது சிங்கராஜ வனமாகவே இருக்கும். அது வெப்பவலயக் காடு. ஒலிம்பிக் குடாநாட்டுக் காடோ குளிர்ந்த நாட்டுக் காடு. எனினும், மழை பிறக்கும் விதம் இரண்டிற்கும் ஒன்றே. சமுத்திரத்தின் மீது வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகச் சொரிகிறது. 7,980 அடி உயரமான ஒலிம்பஸ் சிகரத்தின் மேற்குப் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு 12 முதல் 14 அடி வரை மழை பெய்கிறது. அங்குலம் அன்று, அடி என்பதைக் கவனிக்க வேண்டும். மலைக்கு அப்பால் வடகிழக்கே உள்ள சீக்குவிம் என்னும் ஊருக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 16 அங்குலமே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவு நனைந்துகொண்டிருக்க, ஊவாப் பக்கம் வறண்டு கிடப்பதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது. அங்கே பெருமழை பெய்வது குளிர்காலத்தில்; கோடையில் மழை குறைந்து மூடுபனி மிகும்.

முதல் நாள் நடைக்கு ஏற்றது கலேலொக் என்னும் கடற்கரைப் பகுதி. ஒலிம்பிக் தேசியப் பூங்காவினுள் நாய்களுக்கு அனுமதியுள்ள மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்று. அங்கும் ஆறடிக்கு மேற்படாத வாரினால் நாயைக் கட்டியே நடத்த வேண்டும். பரந்த வெறுங்கரையில் நாயை அவிழ்த்துவிட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும். அக்கரையின் இயல்பு அதற்கு இடந்தராது. நம் தீவைச் சுற்றிய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே மூன்று அடி உயர வேறுபாடும் இல்லை. அங்கோ எட்டு, பத்து அடி வேறுபாடு சாதாரணம். காலையில் அகன்று கிடந்த மணல் மாலையில் மறைந்துபோகும். வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பாராது பாறை முனைகளைச் சுற்றிச் செல்வோர் அப்பால் அகப்பட்டுக்கொள்வதுண்டு. ஆறுகள் காட்டிலிருந்து அடித்துவந்த பெருமரங்கள் கரையெங்கும் விறகு குவித்தாற்போற் கிடக்கின்றன. பல தொன் எடையுள்ள மரமாயினும், அலை ஏறிவந்தால் ஆழமற்ற நீரிலேயே மிதந்து உருளும். அலையைத் துரத்தும் நாயும், நாயைத் துரத்தும் எசமானும் அம்மரங்களுக்கு இடையிற் சிக்கினால் தப்புவது அரிது.

இனி, கடல்நாயைப் பற்றிக் கூற வேண்டும். குட்டி ஈன்ற கடல்நாய், இரை தேடக் கடலுக்குள் இறங்கும்போது குட்டியைக் கரையில் விட்டுச் செல்லும். தனித்துக் கிடக்கும் குட்டியைக் கண்டோர், அது கைவிடப்பட்டது என்று இரங்கி அருகிற் செல்கின்றனர். மனிதனோ நாயோ நெருங்கி நின்றால் தாய் திரும்பி வர அஞ்சும். ஆகவே முந்நூறு அடிக்கு அப்பால் நிற்கவேண்டும் என்பது அறிவுரை. இதைவிட ஆழ்ந்த காரணமும் ஒன்றுண்டு. தமிழிற் கடல்நாய் என்று பெயரிட்டவர் விலங்கியல் கற்றவர் அல்லராயினும், பெயர் பொருந்தியே உள்ளது. நாயும் கடல்நாயும் ஊனுண்ணி விலங்குகளின் ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. ஒன்றன் நோய் மற்றதனைத் தொற்றவும் கூடும். டிஸ்டெம்பர் என்னும் வைரசு நோய் 1987, 1988ஆம் ஆண்டுகளில் சைபீரியாவின் பைக்கால் ஏரியிற் கடல்நாய்களை ஆயிரக்கணக்கில் மாய்த்தது. ஆராய்ந்தபோது அது நாய்களிடத்துக் காணப்படும் வைரசே என்று தெரிந்தது. 1955இல் அந்தாட்டிக்காவில் கடல்நாய்கள் திரளாக இறந்தமைக்கும், சறுக்குவண்டி இழுக்கக் கொண்டுசென்ற நாய்களின் நோயே காரணம் என்று ஐயுறப்பட்டது. முடிவில், சர்வதேச உடன்படிக்கையின்படி 1994 ஏப்ரல் முதலாந் தேதிக்குள் அக்கண்டத்திலிருந்து நாய்கள் யாவும் அகற்றப்பட்டன. கலேலொக் கரையில் ஒரு நாயின் கழுத்திலுள்ள வாருக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது. தடுப்பூசி போடாத நாயை அங்கே கொண்டுசெல்வது பெருந்தவறு என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மறுநாட் பயணம் காட்டினுள். புகழ்பெற்ற ஹோ மழைக்காட்டின் பாதைகளில் நாய்க்கு இடமில்லை. சுவர்க்க வாயிலில் நாயை விட்டு வரும்படி இந்திரன் கூற, நாயின்றி நுழையேன் என்று தருமர் மறுத்த கதை நம்மவருக்குத் தெரியும். இங்கே அத்தகைய வாதம் செல்லாது. தேசியப் பூங்கா தோன்றிய வரலாற்றை நோக்கினால் தடையின் நியாயம் விளங்கும். எல்க் என்பது நம் மரையினும் பெரியதோர் மானினம். வேட்டையினால் அருகிவந்த அதனைக் காக்கும் பொருட்டே 1909இல் ஜனாதிபதி தியொடோர் ரூஸ்வெல்ட் ஒலிம்பஸ் மலைப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தார். 1938இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதனைத் தேசியப் பூங்காவாக்கினார். கடற்கரைப் பகுதி 1953இற் சேர்க்கப்பட்டது. மான் காக்கத் தோன்றிய காட்டில், மானை வெருட்டும் விலங்கை உலவவிடுவது எவ்வாறு பொருந்தும்? நாய் ஒருவரையும் கடியாத சாதுவாக இருக்கலாம். ஆயினும் மானின் மூக்குக்கு அது ஓநாயின் மணமே. அக்குடாநாட்டின் ஓநாய்களை மனிதர் கொன்றொழித்துப் பல பத்தாண்டுகள் சென்றபின்னரும் மானின் அச்சம் மாறவில்லை.

எனினும் நாயுடையார் மனந்தளர வேண்டியதில்லை. தெற்கே குவினோல்ட் என்னும் ஏரி உண்டு. அது குவினோல்ட் பழங்குடியினருக்கு உரியது. ஏரியின் வடகரை தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே பெரும்பாலான பாதைகளில் நாய் ஆகாது. தென்கரையோ தேசிய வனம் என்னும் வேறு பிரிவைச் சேர்ந்தது. பூங்கா உள்நாட்டுத் திணைக்களத்தின் பொறுப்பு, வனம் விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பு. ஆதலால், இக்கரைப் பாதைகளில் வாரிட்ட நாயுடன் நான்கு மைல் வரை சுற்றி வரலாம். அக்கரையிலும் இக்கரையிலும் மரம் ஒன்றே, மழையும் ஒன்றே. திணைக்களம் வேறுபட்டதால் நாயின் விதியும் வேறுபட்டது.

அக்காட்டின் அழகு தனியானது. சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லொக் முதலிய ஊசியிலை மரங்கள் இருநூறு அடி வரையும் அதற்கு மேலும் ஓங்கி நிற்க, கிளைகளிற் பாசி திரைச்சீலைபோற் தொங்குகிறது. தென்கரையிலுள்ள ஸ்புரூஸ் மரம் ஒன்று 191 அடி உயரமும் ஏறத்தாழ 59 அடிச் சுற்றளவும் உடையது. நிலம் பாசியாலும் பன்னத்தாலும் மூடப்பட்டிருப்பதால், நிலத்தில் விழும் விதை வேரூன்ற இடமின்றி வாடும். வீழ்ந்து கிடக்கும் பெருமரத்தின் மேல் விழுந்த விதையே பெரும்பாலும் பிழைக்கிறது. அம்மரத்தைச் செவிலி மரம் எனலாம். அதன் முதுகில் இளமரங்கள் வரிசையாக முளைத்து, வேர்களை இருமருங்கும் இறக்கி நிலத்தை எட்டுகின்றன. பல நூற்றாண்டுகளில் செவிலி மக்கி மறைய, வரிசையாக நிற்கும் மரங்களின் வேர்களுக்குக் கீழே வெற்றிடம் மட்டும் எஞ்சும். நாய் நுழைந்து மோப்பம் பிடிக்க விரும்பும் இடமும் அதுவே. பூமாவும் கருங்கரடியும் உலவும் காட்டில், வாரிழந்து ஓடிய நாய் அவற்றைச் சினமூட்டித் தன் எசமானிடமே அழைத்து வந்துவிடக்கூடும்.

இவ்வளவு கூறியதிலிருந்து, நாய் இப்பிரதேசத்திற்கு அந்நியமானது என்று கொள்ளலாகாது. சேலிஷ் பழங்குடி மக்கள், செம்மறி ஆட்டைப் போல் உரோமம் கத்தரித்துக் கம்பளி நெய்வதற்கென்றே ஒரு நாயினத்தை வளர்த்தனர். 1792இல் இங்கு வந்த கப்டன் வங்கூவர் அந்நாய்களைக் கண்டு எழுதியுள்ளார். உரோமம் தூய்மை கெடாதிருக்க, ஏனைய நாய்களோடு கலவாமற் சிறு தீவுகளில் அவற்றைத் தனித்து வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவ்வினம் அருகி அழிந்தது. 1859இல் இறந்த ஒரு நாயின் தோல் வாஷிங்டன் தலைநகரின் சிமித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த கட்டுரை, அவ்வினம் பல ஆயிரம் ஆண்டுத் தொன்மை உடையது என்று கண்டது.

இறுதியாக, மீன். இப்பிரதேசத்தின் ஆறுகளில் முட்டையிடவரும் சல்மன் மீன்கள் முட்டையிட்டபின் கரையோரங்களில் இறந்து கிடக்கும். தகரத்தில் அடைத்து விற்கும் மீனை நம் வீடுகளிற் ‘சமன்’ என்பது இதன் பெயரால் வந்த வழக்கே. உள்ளிருப்பது பெரும்பாலும் வேறு மீன். கரையிற் கிடக்கும் மீனைக் கரடி தின்னும், கழுகு தின்னும், யாதொரு தீங்கும் இல்லை. நாய் அதனைப் பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. நன்னீர் நத்தை ஒன்றிலிருந்து வெளிப்படும் நுண்ணிய தட்டைப்புழு மீனின் உடலிற் குடிகொள்கிறது. அப்புழுவினுள்ளே ஒரு பற்றீரியா வாழ்கிறது. மீன் வழியே புழு நாயின் குடலை அடைய, பற்றீரியா இரத்தத்திற் பரவுகிறது. மீனை நன்கு சமைத்தால் இவ்விடர் இல்லை. நோய் உடனே தோன்றாது. பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் கழித்தே காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், உணவு மறுத்தல் ஆகிய குறிகள் காணும். அதற்குள் குடும்பம் நகருக்குத் திரும்பி, நடைப்பயணத்தை மறந்திருக்கும். மருந்தின்றி விட்டால், நோயுற்ற பத்து நாய்களில் ஒன்பது வரை இறக்கக்கூடும். உரிய காலத்திற் கொடுக்கும் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். ஆகவே, அடுத்த வார இறுதி வரை நாயின் உணவையும் உடற்சூட்டையும் கவனித்து வருவதும், அது சோர்ந்து படுத்தால் ஆற்றங்கரைக்குச் சென்று வந்ததை மிருக வைத்தியரிடம் முதலிலேயே சொல்வதும் அங்குள்ளோர் கைக்கொள்ளும் முறை.